மச்சான் என்கிற ஸ்டார்ட்டர்

மனித குலம் இருட்டோடு நடத்திவரும் நெடும்போரில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு: டியூப்லைட் தொழிற்சாலையின் சோதனை அறைக்கு இன்று முதலாளி நேரில் எழுந்தருளுகிறார். தற்காலிக ஊழியர்களில் ஒருவரை நிரந்தரமாக்குவார். ஒருவரை மட்டும்.

அந்த ஒருவர் தானாக இருக்கவேண்டுமே என்று சோதனை மேஜைக்காரர் காலையிலிருந்து வேண்டாத சாமியில்லை. வேலையில் குறையில்லை. ஆனால் யாராவது ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகுதான் அவருக்குச் சிரிப்பு வரும். அதனால் அவருக்குப் பெயரே டியூப்லைட். முதலாளியோ, தன் ஜோக்குக்குச் சிரிக்காதவன் எதற்கும் துணிந்தவன் என்று நம்புகிறவர்.

"மாப்ளே, நம்ம டியூப் எப்படி எரியுது, சொல்லு" என்றார் டியூப்லைட்டுக்கு மச்சானான ஸ்டோர்க்காரர், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"ரெண்டு முனையிலயும் கம்பி சூடாகும். உள்ள கொஞ்சம் ஆர்கான் வாயு, கொஞ்சம் பாதரச ஆவி. ஸ்டார்ட்டர் டக்குனு பிரிஞ்சதும் சோக் ஒரு உதை விடும். வாயு வழியா மின்சாரம் பாயும். எலெக்ட்ரான் போய் பாதரசத்தை இடிக்கும். அதுலேர்ந்து வர்ற கதிர் கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்குள்ள பூசின வெள்ளைப் பொடியில பட்டாதான் வெளிச்சம்."

"பாத்தியா? ஸ்டார்ட்டர் இல்லேன்னா வாயு சும்மாதான் கிடக்கும், உன் மண்டை மாதிரி. இன்னிக்கு நான்தான் உனக்கு ஸ்டார்ட்டர். நான் இருமினா நீ சிரி. யோசிக்காதே."

"யோசிச்சுட்டேன்னா?"

"என் தங்கச்சிக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

முதலாளி வந்தார். எரியும் குழாய்களை அண்ணாந்து பார்த்தார். "நம்ம டியூப்பைப் பாத்துட்டு சூரியனே லீவு கேட்டுச்சாம்!"

மச்சான் இருமினார். டியூப்லைட் சிரித்தார், எல்லோருக்கும் முந்தி. முதலாளியின் முகம் மலர்ந்தது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். குரல் தழுதழுத்தது. "இந்த வெளிச்சத்தைப் பாக்க எங்கப்பாதான் இல்லாம போயிட்டாரு..."

மச்சான் இருமினார்.

டியூப்லைட் யோசிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில்தான் மச்சானின் வெளிறிய முகம் கண்ணில் பட்டது. நிறுத்தப் பார்த்தார். வாய் மட்டும் நிற்க மறுத்தது.

மற்றவர்களுக்கு வேறு கவலை. டியூப்லைட்டுக்கே புரிந்துவிட்ட ஜோக் நமக்குப் புரியவில்லையே! மேனேஜர் அவசரமாகச் சிரித்தார். கணக்கர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் உதடு, எரியப்போகும் குழாய்போல இரண்டு முறை துடித்தது. பிறகு, தான் ஏதோ பிரமாதமாகச் சொல்லிவிட்டதாக அவருக்கும் விளங்கி, கடைசி ஆளாகச் சிரித்தார்.

"சூட்சுமம் தெரிஞ்ச ஆளுய்யா இவன். நிரந்தரம் பண்ணுங்க!"

மச்சானின் ராஜதந்திரத்தைத் தொழிற்சாலையே இன்றுவரை மெச்சுகிறது.

மச்சானுக்கு அன்று ஜலதோஷம்.