ஜீவராணியின் குரலில் பேசியவர்

பாட்டுரிமைத் தொகை முதல்முறை வங்கிக்கு வந்த நாளிலிருந்து பதுளைத் துணிக்கடைக்காரர் தயாபரன் ஒரு பெண்ணின் குரலில் பேசினார். தொண்டையைப் பார்த்த டொக்டர் குறையொன்றுமில்லை என்று விற்றமின் எழுதிக்கொடுத்தார். தாய் கனகம் மூன்று நாள் அழுதார். நாலாம் நாள் அந்தக் குரலிடமே மரக்கறி வாங்கிவரச் சொன்னார்.

யாருடைய குரல் என்பது தயாபரனுக்கு மட்டும் தெரியும். நமுனுகுல தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் திருவிழாவில் அவர் கீபோர்ட் வாசிக்கப் போனபோது, கொழுந்து பறிக்கும் ஜீவராணி தான் கட்டிய பாட்டொன்றைப் பாடினாள். வேலைக்குப் போகும் தங்கையை மழையில் பஸ் ஏற்றிவிடும் பாட்டு. அவர் அதைப் போனில் பதிந்துகொண்டார். பிறகு இசை சேர்த்து வெளியிட்டு, கொழும்பிலுள்ள பாட்டுரிமைச் சங்கத்தில் வரிகளும் மெட்டும் தன்னுடையவை என்று கையெழுத்திட்டார். வானொலிகளும் ஹோட்டல்களும் பாட்டுப்போடக் கட்டும் அனுமதிக் கட்டணத்தில் அவருடைய பங்கு ஆறு மாதத்துக்கொரு முறை வந்தது. இரண்டு வருடம் அவர் கடையில் வாய் திறக்கவில்லை. விலையைக் காகிதத் துண்டில் எழுதிக் காட்டினார்.

ஒரு சனிக்கிழமை ஜீவராணி, அவரை யாரென்று அடையாளம் தெரியாமல், மகளுக்கு யூனிஃபோர்ம் துணி வாங்க வந்தாள். பக்கத்துக் கடை வானொலியில் அந்தப் பாட்டு ஓடியது.

"முதலாளி, இது நான் கட்டுன பாட்டுங்க. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. பொய்க்காரின்னு தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

விலைத் துண்டு கையிலேயே இருந்தது. தயாபரனுக்குக் காது மடல் வரை சுட்டது.

"உங்க பாட்டுதாங்க. நான்தான் என் பேரைப் போட்டுக்கிட்டேன்."

தன் குரலைக் கேட்ட ஜீவராணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. துணியை மேசையில் வைத்துவிட்டு, "வெக்கமா இல்லீங்களா?" என்றாள். "இருக்குதுங்க" என்றது அவளுடைய குரலே.

திங்கட்கிழமை இருவரும் கொழும்புக்கு ரயிலேறினார்கள். சங்க அலுவலகத்தில் தயாபரன் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டி, தன் பெயரை முழுதாக நீக்கும்படி எழுதினார். ஜீவராணி படிவத்தை வாங்கிப் பார்த்து, "கீபோர்ட் வாசிச்சது இவருதானேங்க, அதுக்கு மட்டும் இவரு பேரு இருக்கட்டுங்க" என்றாள். அவர் அன்று தலை நிமிரவேயில்லை.

அடுத்த மாதம் சங்க அலுவலர் போன் செய்து, பாட்டை எழுதியவரை உறுதிப்படுத்தக் கேட்டார். முதலில் எடுத்த தயாபரன் விவரம் சொல்லிவிட்டு, அதற்கென்றே தோட்டத்திலிருந்து வந்து காத்திருந்த ஜீவராணியிடம் கொடுத்தார்.

"இவ்வளவு நேரம் நீங்கதானே அம்மா பேசினீங்க?"

"இல்லீங்க. அது வேற ஆளு."

அலுவலர் அப்படியே குறித்துக்கொண்டார். தயாபரனின் பழைய குரல் திரும்பவில்லை. இப்போது அவர் துண்டு எழுதுவதில்லை. யூனிஃபோர்ம் துணி மீட்டர் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு அந்தக் குரலிலேயே விலை சொல்கிறார்.