வெண்கலத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஹார்ட்முட் கிரேஸ் தன் வயதை யாருக்கும் சொன்னதில்லை. முடிக்குச் சாயம். அணியின் இணையதளத்தில் பிறந்த தேதி கிடையாது. இந்த வருடம் பந்தயச் சம்மேளனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் முதல் வரியிலேயே வயதை எழுதினார். இரண்டாவது வரியில் முழங்கால் வலி.

நீண்ட தூரப் பந்தயங்களில் ஒரு காரை இருவர் மாறி மாறி ஓட்டுவார்கள். சம்மேளனம் ஓட்டுநர்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. இருவரில் ஒருவர் வெண்கலமாக, அதாவது பொழுதுபோக்குக்கு ஓட்டுபவராக, இருக்க வேண்டும். கிரேஸ் வெள்ளி; தன்னை வெண்கலமாக இறக்கச் சொல்லித்தான் விண்ணப்பம். வயதான வெள்ளியை யாரும் சீண்டுவதில்லை. கொஞ்சம் வேகமான வெண்கலம் கிடைத்தால் அணிகள் விடமாட்டா. வெண்கலத் தரம் கிடைத்தால் அடுத்த வருடமும் இருக்கை உண்டு, இல்லாவிட்டால் ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில் நடக்கும் பந்தயம்தான் கடைசி என்று எங்கள் அணி முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார்.

ஆகவே டூரிங் கார் பந்தயத்தில் ஒருமுறை சாம்பியன் ஆனவர் (முன்னால் வந்த இருவரும் தகுதி இழந்ததால் ஆனவர்) இந்தப் பருவம் முழுவதும் மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

நான் அணியின் தரவுப் பொறியாளர். நேர்ப்பாதையின் நடுவில் அவர் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுவது என் திரையில் தெரியும். இறங்கி வந்து டயர் சரியில்லை என்பார். சாக்குச் சொல்லிப் பழகிய வாய், வேண்டுமென்றே தோற்கும்போதும் ஓயவில்லை.

டயர் மாற்றும் கிருபன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். "மெல்ல ஓடுறதுக்கும் மனுசன் வேர்த்து விறுவிறுத்தெல்லோ வாறார், தங்கச்சி," என்றார்.

ஹொக்கன்ஹைமில் கிரேஸ் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இன்னும் ஒரு மணி நேரம் மந்தமாக இருப்பது. ரேடியோவில் அவரோடு பேசுவது என் வேலை. எனக்குப் பேச்சு அதிகம் வராது. இதற்கு அதிகம் தேவையும் இல்லை.

கொண்டை ஊசி வளைவில் ஒரு பல் மருத்துவர் அவரை முந்தினார். ஓட்டக் கற்றுக்கொண்டே இரண்டு வருடம்தான் ஆகிறது, பிறவி வெண்கலம். முந்தியதும் ஜன்னலோரம் கையை உயர்த்தினார். வழிவிட்டதற்கு நன்றி. மரியாதை தெரிந்தவர்.

என் திரையில் ஆக்ஸிலரேட்டர் கோடு உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது.

"மெதுவாக, ஹெர் கிரேஸ்," என்றேன். மறுபடியும் சொன்னேன்.

"அவன் எனக்குக் கை காட்டினான்," என்றது ரேடியோ.

கிருபன் அண்ணா திரையை எட்டிப் பார்த்தார். "கிழவனுக்கு ரோசம் வந்திட்டுது. இனி மறிக்க ஏலாது."

அடுத்த சுற்றில் மருத்துவரைப் பிடித்தார். அதோடு விட்டிருக்கலாம். அதற்கடுத்த சுற்றில், அன்று ஓடிய வெள்ளிகள் அனைவரையும்விட வேகமாக ஓடினார். ஒலிபெருக்கி அவர் பெயரை முழங்கியது. பழைய ரசிகர்கள் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் கார் ஒன்பதாவதாக வந்தது.

இறங்கியவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். தலைக்கவசத்தைக் கழற்றி, ரசிகர்கள் பக்கம் திரும்பி நின்றார். முதலாளி அவரைப் பார்க்காமல் கடந்து போனபோதுதான் முகம் மெல்ல மாறியது.

"கார் இன்றைக்கு அளவுக்கு மீறி நன்றாக இருந்தது," என்றார் என்னிடம், குற்றம் சாட்டும் குரலில். "யார் அப்படிச் செய்தது?"

சம்மேளனம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவர் இருக்கைக்கு அந்தப் பல் மருத்துவர் வந்தார். முதல் நாளே எங்கள் எல்லோருக்கும் கையை உயர்த்தி நன்றி சொன்னார்.