என் முன்னிலையில் கையெழுத்திட்டார்

1

“ஆமாப்பா, என் முன்னாடிதான் போட்டாரு” என்று சொல்லிவிட்டேன்.

பொய். சொன்ன கையோடு மாடிக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா பின்னாலேயே வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அவருடைய பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஏரிக்கரைக் கூட்டத்துக்குப் போயிருப்பார்.

கதையைப் பாதியில் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக ஒழுங்கான தொடக்கம் ஒன்றை எழுதத்தான் முயன்றுகொண்டிருந்தேன். உண்மையில் இது கதையே இல்லை. எங்கள் நகர் நலச்சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுத வேண்டிய வாழ்க்கைக் குறிப்பு. அப்பா வக்கீலாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. பாராட்டு விழா வைக்கிறார்கள். சங்கச் செயலாளர் சக்திவேல் சார் வீட்டுக்கே வந்து சொன்னார்:

“பாப்பா, முந்நூறு வார்த்தை போதும். ‘அர்ப்பணித்த’ன்ற வார்த்தை மட்டும் கண்டிப்பா வரணும். போன வருஷம் டாக்டருக்கு அதை விட்டுட்டோம், அவங்க வீட்டுல ஒரு மாதிரி ஆயிட்டாங்க.”

அப்பாவின் மனுக்களை டைப் செய்வது நான்தான் என்பதால் இதையும் நானே எழுதுவது என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டரில் இந்தக் கோப்பின் பெயர் இன்னமும் ‘அப்பா மலர் ஃபைனல்’ என்றுதான் இருக்கிறது. மாற்றப் பயமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: பொதுச்சேவைக்கும் குடும்பத்துக்கும் தம்மை அர்ப்பணித்த வழக்கறிஞர் திரு. ச. லாசரஸ் அவர்கள்—

(‘குடும்பத்துக்கும்’ என்ற இடத்தில் கர்சர் அரைமணி நேரம் மின்னிக்கொண்டிருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: பெருவெள்ளத்தின்போது முடிச்சூரில் எத்தனை பேரை அவர் படகில் ஏற்றிவிட்டார் என்பதை ஊரே சொல்லும். அந்த இரண்டு நாளும் நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில்—

(வேண்டாம். குறை சொல்வது போல ஆகிவிடும். நான் குறை சொல்லவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: என் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து மிக அழகாக இருக்கும். ஏனென்றால் அதைப் போடுவது நான்.

இதுதான் உண்மையான தொடக்கம். மலரில் போட முடியாது.

ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது. அம்மாவுக்குப் பேங்கில் வேலை. கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அப்பா காலையில் கோர்ட், மாலையில் மழைநீர்க் கால்வாய், வாக்காளர் பட்டியல், தண்ணீர் லாரி. நான் பள்ளி வாசலில் நின்று போன் பண்ணுவேன்.

“அப்பா, இன்னிக்குதான் கடைசி நாள். சைன் வேணும்.”

“கோர்ட்டுல இருக்கேன்டா. நீயே போட்டுக்கோ. என்னைவிட நீ நல்லா போடுவ.”

பிறகு பேங்க் பாஸ்புக் கூரியர் வந்தால் அம்மா கையெழுத்து. அம்மாவுக்காக அப்பா, அப்பாவுக்காக நான். எங்கள் வீட்டில் இன்னொருவர் கையெழுத்தைப் போடுவது பொய்யாக இருந்ததே இல்லை. தட்டு எடுத்துவைப்பது போல, துணி மடிப்பது போல ஒரு வேலை. யாரும் வீட்டில் இல்லாத வீட்டை நடத்த வேண்டுமென்றால் வேறு வழி என்ன?

3

நடந்ததைச் சொல்கிறேன்.

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய ஒரு சந்து. பதினோரு வீடுகளுக்கு, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்பா வழக்கு எடுத்தார். திங்கட்கிழமை தாக்கல் செய்ய வேண்டும், சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். “ஜெரூ, நீ போய் வக்காலத்துல* கையெழுத்து வாங்கிட்டு வந்துரும்மா” என்றார்.

* வக்காலத்து: ‘எனக்காக இந்த வக்கீல் வாதாடலாம்’ என்று கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள்.

பல்லாவரம் போய், ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். ஜஹீரா அக்கா வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார். நைட்டி தைக்கிறவர். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டே இருக்கும். பத்து கையெழுத்து ஆயிற்று. பதினோராவது பொன்னுசாமி. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. வீடு பூட்டியிருந்தது. டூட்டியில் போன் எடுக்க மாட்டாராம். ஒரு மணி நேரம் நின்றோம்.

“இன்னா பாப்பா, வெயில்ல இப்பிடியே நின்னுகினு கீற? நீயே போட்ருமா” என்றார் ஜஹீரா அக்கா.

“அய்யோ, எப்பிடிக்கா?”

“அந்தாளு இன்னா வேணாம்னா சொல்லப் போறாரு? பதினொன்னும் சேந்து நின்னாதான் கேஸ் நிக்கும்னு உங்க அப்பாதான சொன்னாரு?”

கோப்பில் பழைய தெருவிளக்கு மனு ஒன்றின் நகல் இருந்தது. அதில் அவர் கையெழுத்தும் இருந்தது. ‘பொ’வின் கொம்பு பெரிதாக, யானைத் தும்பிக்கை மாதிரி. அதன்பிறகு வருவதெல்லாம் சிறியது. ஒரு தரம் காற்றில் எழுதிப் பார்த்தேன். பிறகு போட்டேன்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: நன்றாக வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: ‘படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு, என் முன்னிலையில் கையெழுத்திட்டார்.’ அதன்கீழே பதினோரு முறை கையெழுத்துப் போட்டார்.

“எல்லாரும் உன் முன்னாடிதானே போட்டாங்க?”

“ஆமாப்பா.”

“உன் முன்னாடின்னா என் முன்னாடிதான்” என்று சிரித்தார்.

அவர் என்னிடம் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதனாலும் சொல்லவில்லை.

4

(இது கட்டுரை மாதிரி வரும். பிடிக்காவிட்டால் தாண்டிப் போகலாம்.)

தமிழ் வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோம். நான், நீ, அவர். முன்னிலை என்றால் ‘நீ’. எதிரே இருப்பவர். கோர்ட்டில் முன்னிலை என்றால் என் கண் எதிரே நடந்தது என்று பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்தான். எதிரே ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கணம்.

எங்கள் வீட்டில் எல்லோரும் படர்க்கை. அம்மாவைப் பற்றி அப்பாவிடம் ‘அவங்க’, அப்பாவைப் பற்றி அம்மாவிடம் ‘அவரு’. நேரே ‘நீ’ என்று சொல்ல யாருமில்லாமல்தான் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எதிரே இருக்கிறீர்கள்.

5

வழக்குப் போட்டாயிற்று. இடைக்காலத் தடையும் கிடைத்தது. சந்தில் கேசரி கிளறினார்கள், எனக்கும் ஒரு டப்பா வந்தது.

முந்தாநாள், வியாழக்கிழமை, விசாரணை. நான் பள்ளியில் இருந்தேன். ஜஹீரா அக்காதான் போனில் சொன்னார். பொன்னுசாமி தானாகவே கோர்ட்டுக்கு வந்து எழுந்து நின்றாராம். “ஐயா, இது என் கையெழுத்து இல்லீங்க” என்றாராம். நீதிபதி அப்பாவைப் பார்த்து, ‘உங்கள் முன்னிலையில் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே?’ என்று கேட்டிருக்கிறார். நடந்தது இதுதான் என்று சத்தியம் செய்து, திங்கட்கிழமைக்குள் அப்பா பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும்.

அன்று எழுதிய வரி இது: சிவந்த கண்களும் சூழ்ச்சிப் புன்னகையும் கொண்ட பொன்னுசாமி, எதிர்த்தரப்பிடம் விலை போய்—

நான் அவர் கண்களைப் பார்த்ததே இல்லை. முகம் தெரியாத ஆளுக்கு நானாகவே கண் வைத்தேன், புன்னகை வைத்தேன். முன்பு கையெழுத்து வைத்தது போல. எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்களா என்று தெரியவில்லை. எனக்குக் கூசியது. நேற்று பள்ளி விட்டதும் நேரே அனகாபுத்தூர் போனேன்.

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, யூனிஃபார்ம் பேண்ட்டும் பனியனுமாக இருந்தார். கண் சிவந்துதான் இருந்தது. தூக்கமில்லாமல்.

“வக்கீல் சார் பொண்ணா? உள்ள வா பாப்பா. சேர்ல இருக்கிற துணிய தள்ளிட்டு உக்காரு.”

“ஏன் அங்கிள் அப்பிடி சொன்னீங்க?”

“எப்பிடி? நான் போடல, போடலன்னேன்.”

“வீடு போயிடுமே உங்களுக்கு?”

“போட்டும். காலி பண்ணா பெரும்பாக்கத்துல கவர்மெண்டு வூடு தராங்க. மூணாவது மாடி. அங்கேந்து கம்பெனி கிட்ட, ஒரே பஸ். இங்க ஒவ்வொரு மழைக்கும் பீரோவ கட்டில் மேல ஏத்திகினு, எறக்கிகினு... எனக்கு இடுப்பு போச்சும்மா.”

“பத்து பேரும் இங்கதான் இருக்கணும்ங்கறாங்க.”

“இருக்கட்டும், நான் வேணான்னனா? என்னை ஒருத்தரும் கேக்கல பாப்பா. நோட்டீஸ் குடுத்தவனும் கேக்கல, கேஸ் போட்டவரும் கேக்கல.”

டீ போட்டுக் கொடுத்தார்.

“ஆனா ஒண்ணு” என்று திடீரென்று சிரித்தார். “போட்டவன் கில்லாடி. அந்தக் கொம்பு அப்படியே என்னுது மாதிரி கீது. ஜட்ஜ் காட்டுனப்ப எனக்கே ஒரு நிமிசம் டவுட்டு வந்துச்சு, குடிச்சிட்டு கிடிச்சிட்டு போட்டமான்னு.”

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அ) நான் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் கோர்ட்டில் சொல்கிறார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதற்கு அவருடைய சன்னது, அதாவது வக்கீலாக இருக்கும் உரிமை, போகலாம். ஒரு பொய்யால் வாங்கிய தடை என்று பத்து வீட்டுக்கும் தடை நீங்கலாம். ஜஹீரா அக்கா தையல் மெஷினை ரோட்டில் வைத்துவிட்டு—

ஆ) நான் சொல்லவில்லை. ‘பொன்னுசாமி பொய் சொல்கிறார்’ என்று அப்பா சத்தியம் செய்கிறார். எல்லோரும் அப்பாவை நம்புவார்கள். அவரை நம்பாமல் யாரை நம்புவார்கள்? இடுப்பு போன அந்த மனிதர் ஊருக்குப் பொய்யராகிறார்.

இ) அம்மாவிடம் சொல்கிறேன். இதை நேற்று செய்தும் பார்த்தேன்.

“அம்மா, ஒரு விஷயம்...”

“சாப்டியா? அப்பா மாத்திரை போட்டாரா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சளியா? குட்டிமா, ஆடிட்டர் நிக்கிறாரு, நைட் கூப்பிடட்டுமா?”

இரவு கூப்பிட்டார். தூங்குவது போல எடுக்காமல் இருந்தது நான்தான்.

இன்று சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார். முகத்தைத் திருப்பவில்லை.

“ஜெரூ, அன்னிக்கு பொன்னுசாமி உன் முன்னாடிதானே போட்டாரு?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

7

ஆறாம் பகுதியோடு நிறுத்திவிட்டு, மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பதாக இருந்தேன். அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன்.

எழுதியதை அச்செடுத்துப் பார்க்கலாம் என்று கீழே ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அப்பா வந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டிருந்தார். சாப்பிட நான் இறங்கிப் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. நான் டைப் செய்ய வேண்டியவற்றை வைக்கும் தட்டில் ஒரு தாள் இருந்தது. அப்பாவின் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்:

‘11-ஆம் வாதி திரு. பொன்னுசாமி கூறுவது உண்மை. மேற்படி கையெழுத்தை அவர் இடவில்லை. அவரைக் கேட்காமல், அவருக்குத் தெரியாமல் அதை இட்டவன் நானே. மற்ற பத்து வாதிகளுக்கும் இதில் பங்கில்லை. வேறு எவருக்கும் இதில் பங்கில்லை.’

கடைசி வரியின் கீழே ஒரு கோடு. ஓரத்தில், எல்லாத் தாளிலும் எழுதுவது போல, ‘ஜெரூ, டைப் செய்யவும்.’

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான்காவது முடிவு. எனக்குத் தோன்றாத முடிவு. நான் ஆமாம் என்று சொன்னபிறகு ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் பொய்யைக் கண்டுபிடித்து, மனம் உடைந்து, என்னைக் காப்பாற்ற. அப்படியே கதையிலும் எழுதிவிட்டேன், பாதி வரி வரை:

அந்த மாலை, ஏரிக்கரையில் தனியாக அமர்ந்து, மகளுக்காக ஒரு தந்தை—

அப்புறம்தான் தாளின் மேல்மூலையைப் பார்த்தேன். அப்பா தேதி போடாமல் எதையும் எழுத மாட்டார்.

நேற்றைய தேதி. வெள்ளிக்கிழமை.

நான் பொன்னுசாமி வீட்டில் டீ குடித்த அன்றே இதை எழுதி முடித்திருக்கிறார். என்னிடம் கேட்பதற்கு முன்னால். அப்படியென்றால் தட்டைக் கழுவும்போது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டார். முகத்தைத் திருப்பாமல் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு ‘சரி’ என்றார்.

அந்தத் தாளை இப்போது என் மேசையில் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் டைப் செய்யவில்லை. நாளை ஆராதனை முடிந்து வந்ததும் கேட்பார். அவர் அறைக் கதவு வரை இரண்டு தரம் போய்விட்டு வந்தேன். உள்ளே இருமல் சத்தம் கேட்கிறது, தூங்கவில்லை. தட்டினால் திறப்பார். திறந்தால் எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் கேட்க முடியவில்லை.

நான் ‘இல்லப்பா’ என்று சொல்லியிருந்தால், அப்பா இந்தத் தாளைக் கிழித்திருப்பாரா?