நீக்கிய பிரதிகள்

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஒரு பாட்டையும் ஒரு செய்தியையும் கையில் கொடுத்தால், வரிவரியாகப் பிரித்துப் போட்டு, எதிலிருந்து எது வந்தது என்று சொல்லிவிடுவதில் மொரீன் கொவால்சிக்கை மிஞ்ச ஆள் கிடையாது. பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியை. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒருவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். பதினான்காம் தேதி டேவியன் ப்ராக்டர் என்ற இருபத்து மூன்று வயதுப் பையன் அதைப் பற்றி ஒரு ராப் பாட்டு எழுதி இணையத்தில் போட்டான். கடைப் பூனை ரத்தத்தில் நடந்து வாசல் வரை தடம் பதித்துப் போனது என்று அதில் ஒரு வரி. போலீஸ் அவனைப் பிடித்தது. அரசு வக்கீல் மொரீனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாட்டு வருவதற்கு முன்னால் அந்தப் பூனை எந்தச் செய்தியிலாவது வந்திருக்கிறதா?

மொரீன் அகப்பட்ட செய்திகளை எல்லாம் திரட்டினாள். ஒரே செய்தியைப் பத்துப் பத்திரிகை போடும். அப்படியே எண்ணினால் கணக்கு ஊதிவிடும். அதனால் நகல்களைக் கண்டுபிடித்து, இருப்பதிலேயே நீளமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட ஒரு கணினி நிரல் உண்டு. இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். மிஞ்சிய செய்திகளில் பூனை முதன்முதலாகத் தலைகாட்டியது பத்தொன்பதாம் தேதி, நகரின் பெரிய நாளிதழில். பாட்டுக்கு ஐந்து நாள் கழித்து.

'இதை எழுதியவர் சம்பவ இடத்தை நேரில் கண்டவராகவே இருக்க வேண்டும்' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு விசாரணைக்கே போகவில்லை. அறிக்கையைப் படித்த டேவியனின் வக்கீல், குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று சொல்ல, பையன் ஒப்புக்கொண்டான். பதினெட்டு வருடம்.

அக்டோபரில் மொரீன் அதையே ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினாள். பக்கத்து அறை ஹரால்ட் படித்துப் பார்த்தார்.

"எத்தனை நகலைத் தள்ளுனேன்னு போடவே இல்லையே, மொரீன்."

"அதைப் போய் எவன் கேப்பான்?"

"நானே கேக்குறேனே. என்னைவிட வேலையத்தவன் ஊர்ல இருக்க மாட்டானா?"

முனகிக்கொண்டே தள்ளிவிட்ட கோப்புகளைத் திறந்தாள். இருநூற்று அறுபத்து மூன்று. எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மூடியிருக்கலாம். என்னவோ தோன்றி, பூனை என்று தேடினாள். ஒன்று வந்தது. வட்டார வார இதழ் ஒன்று, இலவசமாகக் கொடுக்கிற நாலு பக்கத் தாள். தேதி மார்ச் பன்னிரண்டு. பெரிய நாளிதழ் அதைத்தான் ஒரு வாரம் கழித்து எடுத்து, கடைசியில் போலீஸ் சொன்னதாக ஒரு பத்தி ஒட்டிப் போட்டிருந்தது. ஒரு பத்தி அதிக நீளம் என்பதால் நிரல் அதை வைத்துக்கொண்டு இதை நீக்கிவிட்டது. எது முந்தியது என்று நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் இவள்தான்.

அன்றைக்கே அரசு வக்கீலைக் கூப்பிட்டாள்.

"அவன்தான் ஒத்துக்கிட்டானே, டாக்டர்," என்றார் அவர். "எழுதிக் குடுங்க, பாப்போம்."

டேவியனின் வக்கீலோ, மனுப் போடலாம், ஒப்புக்கொண்டவன் என்பதால் இரண்டு மூன்று வருடம் இழுக்கும், கிடைக்காமலும் போகலாம் என்றார்.

அடுத்த வாரம் மொரீன் சிறைக்குப் போனாள். டேவியனை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியாக இருந்தான். கண்ணாடி போட்டிருந்தான்.

"தப்பு என்னோடது, மிஸ்டர் ப்ராக்டர்," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"துணி தொவைக்கிற கடையில அந்தப் பேப்பர் கெடந்துச்சு," என்றான். "துணி காயுறதுக்குள்ள பாட்டை எழுதிட்டேன். போலீஸ்கிட்ட அன்னைக்கே சொன்னேன், பேப்பர் பேரு மொதக்கொண்டு. வக்கீல்கிட்டயும் சொன்னேன். அந்த அம்மா எல்லாப் பேப்பரையும் அலசிட்டாங்க, அவங்க இல்லேன்னா இல்லதான்னுட்டாரு. நீங்க அதைப் படிக்கலையா? நான் போலீஸ்ல சொன்னதை?"

மொரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாக்குமூலம் அவள் மேசைக்கு வந்தது. உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். அப்படி அனுப்பியதை அறிக்கையின் முதல் பக்கத்தில் பெருமையாகக் குறிப்பிட்டும் இருந்தாள். படித்தவர்களுக்கே வாய்க்கிற மடத்தனம், வேறென்ன சொல்ல.

"எழுதினவங்க பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு எங்க வேலையில ஒரு வழக்கம்," என்றாள். "எழுத்தை மட்டுந்தான் பாக்கணும். கேட்டா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும், முடிவு கெட்டுப்போயிடும்னு..."

டேவியன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"கெட்டுப்போயிருக்கலாமே, டாக்டர்."