தள்ளுகிற பெட்டி, இழுக்கிற பெட்டி

டயர்க் கடையின் புதுக் கிளையைத் திறந்த அன்று இசைக்குழு முக்கால் மணி நேரம் வாசித்து முடித்தது. கடைக்காரர் ஆளுக்கொரு சாவி வளையம் கொடுத்துக்கொண்டே வந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் முன்னால் நின்று, "கிட்டார் வாசிக்கிறவர் கடைசி வரைக்கும் வரலையா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கின் தோளில் அப்போதும் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டாருங்க," என்றார்.

"எங்க?"

"நான்தான்."

கடைக்காரர் கிட்டாரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இன்னொரு சாவி வளையத்தை அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

குழுவில் மொத்தமே மூன்று பேர். லிஃப்ட் மெக்கானிக் கிட்டார். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, டிரம்ஸ். வார நாட்களில் அவன் தச்சன். பாடுவதும் கீபோர்டு வாசிப்பதும் கணக்கு டீச்சர். ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மச்சினனின் மரப்பட்டறையில் கூடி வாசிக்கிறார்கள். இந்த ஒன்பது வருடத்தில் கிட்டார் சரியில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. அதை லிஃப்ட் மெக்கானிக் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று உறைத்தது.

"டயருங்க எல்லாம் சத்தத்தை உறிஞ்சிடுச்சு மாமா," என்றான் மச்சினன்.

"உன் டிரம்ஸை மட்டும் ஏன் உறிஞ்சலை?"

அவன் சிறிது யோசித்தான். "ஒரு ஸ்பீக்கர் பெட்டி பத்தாது. இன்னொண்ணு செஞ்சுடுவோம்."

சொன்னபடி செய்தான். பதினெட்டு நாளில், மூலைக்கு மூலை வழவழவென்று இழைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, பழைய பெட்டியில் இருந்ததைப் போலவே இரண்டு ஸ்பீக்கர்களைப் பொருத்தி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பார்த்தால் அதில் துணி அடுக்கலாம் போலிருந்தது, அவ்வளவு லட்சணம். ஒரே ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பெட்டிகளையும் இணைத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் கிட்டாரின் கம்பிகளை ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ கிட்டார் வாசிப்பது போலக் கேட்டது.

மூவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பட இழைத்தவன் எதிரிலேயே நிற்கும்போது என்ன சொல்வது?

"மென்மையா இருக்கு," என்றார் டீச்சர்.

"புது ஸ்பீக்கர் இல்ல? வாசிக்க வாசிக்கப் பழகிடும்," என்றான் மச்சினன்.

மூன்று ஞாயிறு வாசித்தார்கள். ஸ்பீக்கர் பழகவில்லை, இவர்கள்தான் பழகிக்கொண்டார்கள். நான்காவது ஞாயிறு மச்சினன் தெரிந்தவரிடமிருந்து ஒரு பெட்டியை இரவல் வாங்கித் தூக்கி வந்தான். ஆம்ப் மூன்றைத் தாங்குமா என்று லிஃப்ட் மெக்கானிக் அதன் முதுகில் எழுதியிருந்த எண்களைப் படித்துப் பார்த்தார், தாங்கும். மூன்றாவதையும் மாட்டினார்கள். கிட்டார் சத்தம் சட்டென்று எழுந்து வந்தது.

"பாத்தீங்களா மாமா! மூணுதான் கணக்கு!"

கணக்கு டீச்சரும் தலையாட்டினார். அவர்களுக்கு வந்த சந்தோஷத்தில், முன்பு ஒற்றைப் பெட்டியில் இதே அளவுதான் கேட்டது என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பெட்டி ஒன்றுக்கு முப்பத்திரண்டு கிலோ. லிஃப்ட் மெக்கானிக் இடுப்புக்குப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பட்டையை ஒரு ஞாயிறு வீட்டிலேயே மறந்துவிட்டுப் போக, அதைக் கொடுப்பதற்காக அவர் மனைவி பட்டறைக்கு வந்தாள். அவளுக்குக் காது மருத்துவமனையில் வேலை. கேட்கும் கருவி வாங்க வருகிறவர்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்கிறவள். கேட்காமலே கையைத் தூக்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டையை மேஜையில் வைத்துவிட்டு, மச்சினன் செய்த பெட்டிக்கும் பழைய பெட்டிக்கும் நடுவே போய் நின்றாள். ஓரடி இடது பக்கம் போனாள். திரும்ப நடுவுக்கு வந்தாள். பிறகு கையைத் தூக்கினாள். வாசிப்பு நின்றது.

"ரெண்டு பெட்டியைக் கழட்டுங்க. பழையது மட்டும் இருக்கட்டும். இப்போ வாசிங்க."

வாசித்தார்.

"ஒண்ணுல வாசிச்சாலும் இதேதான், மூணுல வாசிச்சாலும் இதேதான். மீதி ரெண்டும் எதுக்கு?"

அவள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, அதிலிருந்த பேட்டரியை எடுத்தாள். பெட்டிகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பேட்டரியில் தொடவைத்தாள். பழைய பெட்டியின் ஸ்பீக்கர் டப்பென்று வெளியே தள்ளியது. இரவல் பெட்டியும் வெளியே தள்ளியது. மச்சினனின் பெட்டி டப்பென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"இது தள்ளும்போது அது இழுக்குது. ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. மிச்சம் இருக்கிற ஒரு பெட்டிதான் உங்களுக்குக் கேக்குது."

"என் பெட்டியா?" என்றான் மச்சினன்.

"பெட்டி நல்லாத்தான்டா இருக்கு. ஒயரை மாத்திக் கொடுத்திருக்க."

"ரெண்டுமே வெள்ளை ஒயர்க்கா. எது எதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? மரத்துல பிளஸ்ஸு மைனஸ்ஸு எல்லாம் கிடையாது."

இதில் அதிகமாகக் கூசிப்போனவர் லிஃப்ட் மெக்கானிக்தான். மேலே போக அழுத்தினால் கீழே இறங்குகிற லிஃப்ட்டை, ஒயரை மாற்றிப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, "இதைக்கூடவா பாக்க மாட்டீங்க?" என்று இருபத்திரண்டு வருடமாக ஊராரைக் கேட்டு வந்தவர் அவர். திருப்புளியை எடுத்துப் பெட்டியின் முதுகைத் திறந்தார். இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முறுக்கினார்.

பிறகு வாசித்தார்.

தரையில் கிடந்த மரச்சுருள்கள் புரண்டன. அலமாரியில் இருந்த ஆணி டப்பா தானாக நகர்ந்து விளிம்பு வரை வந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஒன்பது வருடத்தில் அவர் தன்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு பெரிய ஆளா நான் என்று அவருக்குக் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

"ஒரு பாட்டு போலாம்!" என்றான் மச்சினன்.

வழக்கமாக முதலில் வாசிக்கும் பாட்டையே எடுத்தார்கள். இரண்டாவது அடியில் டீச்சர் பாடுவதை நிறுத்தினார்.

"அண்ணா, அந்த இடத்துல என்ன வாசிச்சீங்க?"

"எப்பவும் வாசிக்கிறதுதான் டீச்சர்."

"எப்பவுமேவா?"

"ஆமா."

"அது வேற கார்ட் ஆச்சேண்ணா, விரல் வைக்கிற இடமே வேற. இந்தப் பாட்டுலயே அது கிடையாதே."

அவர் திரும்பவும் வாசித்துக் காட்டினார். மூன்று பெட்டிகளும் சேர்ந்து அந்தத் தவற்றைப் பட்டறை முழுக்கப் பரப்பின. தெருவில் போன ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பாட்டைச் சோதித்தார்கள், அதற்கடுத்ததையும் சோதித்தார்கள். பதினான்கு பாட்டில் ஆறில் அவர் வேறு ஏதோ வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். துளிச் சந்தேகம் இல்லாமல், ஒன்பது வருடமாக, தலையை ஆட்டி ஆட்டி.

டீச்சர் தன் கீபோர்டைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மாமா," என்றான் மச்சினன் மெதுவாக. கேலியெல்லாம் இல்லை, மாமா முகம் தொங்குவதை அவனால் பார்க்க முடியவில்லை. "வேணும்னா ஒயரைப் பழையபடி மாத்திடவா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதுதான் உண்மை. திருப்புளி கையிலேயே இருந்தது. மனைவி கடிகாரத்தில் பேட்டரியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் மாப்ளே," என்றார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

டீச்சர் சொல்லச் சொல்ல, பட்டறையில் கிடந்த ஒரு மரத்துண்டின் மேல் அவர் தச்சுப் பென்சிலால் எழுதிக்கொண்டார். தினமும் வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பழகினார். தப்பு வரும்போதெல்லாம் சமையலறையிலிருந்து, "இல்லைங்க" என்று மனைவியின் குரல் வரும். மூன்றாவது வாரம் குரல் குறைந்தது. ஒருநாள் வரவே இல்லை. எட்டிப் பார்த்தார், அவள் கடைக்குப் போயிருந்தாள்.

அடுத்த நிகழ்ச்சி குடிநீர் அலுவலகத்தில் ஒரு அதிகாரிக்குப் பிரிவுபசாரம். மதியச் சாப்பாட்டுக்கு முன், இருநூறு நாற்காலி போட்ட கூடத்தில். மூன்று பெட்டிகளையும் மேடைமேல் வரிசையாக வைத்தார்கள். முதல் இரண்டு பாட்டுக்கு அவர் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவதில், டீச்சர் உச்சத்துக்குப் போன இடத்தில், ஒன்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

இருநூறு தலைகளும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த அதிகாரியும் திரும்பினார். லிஃப்ட் மெக்கானிக்குக் காதுமடல் சுட்டது. மேடையை விட்டு இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் அடுத்த வரியில் அதே இடம் மறுபடி வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, சரியான கார்டைப் பிடித்து, மூன்று பெட்டியும் அதிர ஓங்கி வாசித்தார்.

ஒருவரும் திரும்பவில்லை. அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் ஒருவர் காலால் தாளம் போட்டார், அவரும் மேடையைப் பார்க்காமல்தான். டீச்சர் மட்டும் பாடிக்கொண்டே இவர் பக்கம் ஒருமுறை தலையசைத்தார்.

அது போதுமாக இருந்தது. மீதிப் பாட்டுகளை நிமிர்ந்து நின்று வாசித்து முடித்தார்.