ஓட்டப்பள்ளத்தில் நோட்டு வாங்கும் ஒரே ஆள்

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகிற ரோட்டில் ஓட்டப்பள்ளம் என்று ஓர் ஊர். அங்கே ரோட்டோரம் மீன் வறுத்து விற்கிறவள் கோகிலவாணி. மீனைத் தவிர அவளுக்கு இன்னொரு சின்ன வரும்படியும் உண்டு. பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் பையில் நோட்டு வைத்திருப்பதில்லை. ஆற்றங்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களுக்கோ நோட்டு வேண்டும். ஆகவே கார்க்காரர்கள் கோகிலவாணிக்குப் போனில் ஆயிரம் அனுப்புவார்கள், அவள் கல்லாவிலிருந்து தொள்ளாயிரத்து எண்பதை எண்ணிக் கொடுப்பாள். பக்கத்து ஏடிஎம்மில் பணம் இருந்த நாளை ஊரில் யாரும் பார்த்ததில்லை என்பதால் இதை ஒருவரும் தப்பாக நினைக்கவில்லை.

அப்படி ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் வந்தான். நாலாயிரம் அனுப்பி நோட்டு வாங்கினான், இரண்டு துண்டு மீன் தின்றான், காரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்று வாரம் கழித்து மகள் யுவராணிக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட கோகிலவாணி போனை எடுத்தாள். நாற்பத்தைந்தாயிரம். பணம் நகர மாட்டேன் என்றது.

பேங்க் ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். கறுப்புக் கண்ணாடிக்காரன் அனுப்பியது யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அதைத் தேடிக்கொண்டு கிளம்பிய வடக்கத்திப் போலீஸ், அது போய் விழுந்த கணக்குகளையெல்லாம் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறது.

"அந்த நாலாயிரத்த எடுத்துக்கட்டுங்க. மீதி அம்பத்தெட்டாயிரம் என்னுதுதானுங்களே?"

"மொத்தக் கணக்கையும் நிறுத்தியிருக்காங்கம்மா. பணம் உள்ள வரும். வெளிய போகாது."

"எப்ப போவுங்க?"

"நீங்க அந்த ஸ்டேஷனுக்கு எழுதணும். கூப்ட்டா நேர்ல போகணும்."

அவர் சொன்ன ஊருக்கு ரயிலில் இரண்டு பகல், இரண்டு ராத்திரி. அன்று புதன்கிழமை. ஃபீஸ் கட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி. தப்பினால் சீட்டு வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

நேராக ஊராட்சித் தலைவர் கிருஷ்ணப்பனிடம் போனாள். அவர் வேறு கவலையில் இருந்தார். அதே ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பள்ளத்தை நூறு சதவீதம் ரொக்கமில்லா ஊராட்சி என்று அறிவிக்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். பேனர் அடித்தாகிவிட்டது. அதில் கிருஷ்ணப்பன் பெரிதாகவும், கோகிலவாணி க்யூஆர் அட்டையோடு சின்னதாகவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"விழா முடியட்டும் கோகிலா, நானே பேங்குல பேசறேன்," என்றார் அவர். "மேடையில பேசப்போறதே நீதான். இப்பப் போயி கணக்கு நின்னுபோச்சுன்னு வெளிய சொன்னா ஊரு மானம் என்னாவறது?"

ஊர் மானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக் கெடு கிடையாது.

கடைசியில் கை கொடுத்தது சவுரியப்பன். ஆற்றங்கரையில் இருபது வருஷமாக எண்ணெய் தேய்க்கிறவர். கூடத் தேய்க்கிறவர்கள் எல்லோரும் மாறிவிட்ட பிறகும் க்யூஆர் அட்டை வைக்காததற்காக ஊராட்சி அவருக்கு இரண்டு நோட்டீஸ் கொடுத்திருந்தது. நாள் முழுக்க எண்ணெயில் ஊறிய கையால் போனைத் தொட முடியாது என்பதுதான் அவர் பதில்; அதைக் கொள்கை என்று நினைத்துக்கொண்டு கிருஷ்ணப்பன் அவர்மேல் கடுப்பில் இருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி சவுரியப்பன் ஒரு டப்பாவைத் திறந்து, நாற்பத்தைந்தாயிரத்தையும் நோட்டாகவே எடுத்து நீட்டினார்.

"பாப்பா படிப்புக்குத்தானே. நெதானமா குடு."

சனிக்கிழமை அந்தப் பணத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினாள். காலேஜ் கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பணத்தைத் தொடவில்லை, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை மட்டும் காட்டினாள். ரொக்கம் வாங்கப்பட மாட்டாது. அன்று இரண்டாவது சனி, பேங்க் லீவு. ஊருக்குத் திரும்பி, நோட்டை வாங்கிக்கொண்டு போனில் கட்டிவிடச் சொல்லி ஏழு வீட்டுப் படி ஏறினாள். பாதிப் பேர் கணக்கில் அவ்வளவு இல்லை. மீதிப் பேருக்குப் பயம். கோகிலவாணி சம்பந்தப்பட்ட பணம் என்றாலே போலீஸ் வரும் என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. நேற்றுவரை அக்கா அக்கா என்றவர்கள் போனை முந்தானைக்குள் ஒளித்தார்கள். அன்று அவள் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விழா தொடங்கியது. நாலரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மஞ்சப்பையோடு மேடை ஏறினாள், யுவராணியும் பின்னாலேயே வந்தாள். அதிகாரி முதலில் அவள் அட்டையை ஸ்கேன் செய்து நூறு ரூபாய் அனுப்பினார். பணம் வந்தால் குரல் கொடுக்கிற அவள் கடைப் பெட்டி, மேசைமேல் இருந்தபடி நூறு ரூபாய் வந்துவிட்டதாகச் சத்தம் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். கிருஷ்ணப்பன் மைக்கை அவளிடம் கொடுத்தார்.

"சொல்லும்மா, பணம் இப்ப பத்திரமா இருக்கா?" என்றார் அதிகாரி.

"ரொம்பப் பத்திரமா இருக்குதுங்க. என்னாலயே எடுக்க முடியல."

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தாள்.

"நாப்பத்தஞ்சாயிரம் இருக்குதுங்க தலைவரே. எண்ணிப் பாத்துக்கிட்டு உங்க போன்ல இருந்து காலேஜுக்குக் கட்டி வுட்டுடுங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

ரொக்கமில்லா ஊராட்சியின் மேடையில் அவ்வளவு ரொக்கம் அதற்குமுன் இருந்ததில்லை. கிருஷ்ணப்பன் அவள் பக்கம் குனிந்தார்.

"என்னா கோகிலா இது. என் கணக்கும் மாட்டிக்கிச்சுன்னா?"

அவர் கிசுகிசுத்தது மைக்கில் விழுந்தது. ஊரே கேட்டது. அதற்குமேல் கட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை, அதிகாரியும் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எண்ணினார். நோட்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணி முடித்த விரலைப் போன் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வேட்டியில் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டது. யுவராணி தன் போனை நீட்டினாள், அதிலிருந்த காலேஜ் க்யூஆரை அவர் ஸ்கேன் செய்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு ரசீது வந்தது. மகள் சேர்ந்துவிட்டாள். அதற்குமேல் கோகிலவாணிக்கு எந்தப் பயமும் இல்லை.

அதிகாரி நோட்டுக் கட்டை முகர்ந்து பார்த்தார்.

"இந்தப் பணம் யார் குடுத்ததும்மா?"

கூட்டத்தின் கடைசியில் நின்ற சவுரியப்பனை அவள் காட்டினாள்.

"நூறு சதவீதம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே," என்றார் அதிகாரி.

"அவரு ஒருத்தருதான் சார் பாக்கி," என்றார் கிருஷ்ணப்பன். "அடுத்த வாரத்துக்குள்ள மாத்திடறோம். மாறலன்னா ஆத்தங்கரையில எடம் கெடையாதுன்னு தீர்மானம் போட்டுடறோம்."

மைக் இன்னும் கோகிலவாணி கையில்தான் இருந்தது.

"அவர வுட்டுடுங்க தலைவரே," என்றாள். "நாளைக்கு உங்க கணக்கு நின்னுபோச்சுன்னா யாருகிட்டப் போயி நிப்பீங்க?"

யாரும் கை தட்டவில்லை. அதிகாரி கையெழுத்துப் போடத் திறந்த பேனாவை மூடி வைத்தார். கிருஷ்ணப்பன் நாற்பத்தைந்தாயிரத்தையும் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, அது அங்கே இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.