மூன்று நாள் ராஜ்ஜியம்

"உங்க பாட்டுல கதவுன்னா கதவு இல்ல தம்பி, எல்லை. இது புரியாம இந்தக் காலத்துப் பசங்க சும்மா தலைய ஆட்டிட்டிருக்காங்க."

"இல்ல சார், அது வந்து... கதவுதான்," என்றான் பாசித்.

"நீங்க எழுதியிருக்கலாம். எழுதினவனுக்கே தெரியாம அர்த்தம் வந்து உக்காந்துக்கும்."

பாரிவாக்கம் குடியிருப்பின் சங்கச் செயலாளர் மனோகரன், பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து ராக் பாட்டுகளுக்குப் பொருள் எழுதி வருகிறவர். கலகக்காரர்கள் பாடியவை என்று ஊர் நம்பும் பாட்டுகளெல்லாம் உண்மையில் குடும்பம், ஒழுக்கம், மரபு என்று தன் கொள்கையைத்தான் பேசுகின்றன என்பது அவர் கண்டுபிடிப்பு. ஞாயிறுதோறும் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு பாட்டு. போன ஞாயிறு போட்டது 'கதவச் சாத்து'. அதை எழுதிப் பாடியவன், கீழ்த்தளத்தில் காலியாக இருக்கும் நாலாம் நம்பர் வீட்டை வாடகைக்குக் கேட்டு மனைவியோடு தன் முன்னால் வந்து உட்காருவான் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். கரையான்சாவடியில் செல்போன் பழுது பார்க்கிறேன், சனி ஞாயிறில் பேண்டில் பாடுவேன் என்று பாசித் பேண்டின் பெயரையும் சொன்னதுமே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி மஹீராவுக்கு எட்டாம் மாதம். இப்போதிருக்கும் வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. இனி படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. இரண்டு வீடுகள் கிடைத்த மாதிரி வந்து, பெயரைக் கேட்டதும் கை நழுவிப் போயின. இது மூன்றாவது.

"இப்ப பாருங்க," மனோகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துப் படித்தார். "'தெருவே வந்து கூப்ட்டாலும் தொறக்காத.' தெருன்னா யாரு? வெளியாள். 'தாப்பாளப் போடு கண்ணே.' பொம்பளைதான் வீட்டுக்குக் காவல். அடுத்ததுதான் உச்சம். 'மூணு நாள்தான் நம்ம ராஜ்ஜியம்.' நேத்து, இன்னிக்கு, நாளைக்கு! மரபோட தொடர்ச்சி. எப்படித் தம்பி தோணுச்சு?"

பாசித்தின் காது மடல் சுட்டது. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது ஐந்து பேர் புழங்கிய ஒற்றை அறை வீடு. அம்மாவும் தம்பிகளும் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனார்கள். மூன்றே நாள். பக்கத்து வீட்டுப் புஷ்பாக்கா கறிவேப்பிலை கேட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இதை எப்படிச் சொல்வது? அதுவும் மஹீராவை வைத்துக்கொண்டு? அவளோ முந்தானை நுனியைத் திருகியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கிய சிரிப்பில் உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது.

"சும்மா ஊட்ல உக்காந்து எழுதினது சார்," என்றான்.

"அதான்! வீடு!" என்று தொடையைத் தட்டினார் மனோகரன். பிறகு குரல் தணிந்தது. "கமிட்டில சில பேர் யோசிக்கிறாங்க. உங்களுக்கே தெரியும், நான் வாய் விட்டுச் சொல்ல வேணாம். ஆனா இந்தப் பாட்டை எழுதினவரே இவருதான்னு காட்டினா அப்புறம் யாரும் பேச மாட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை புது கேட் திறக்கிறோம். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழின்னு பின்னாடி காலனி ஜனங்க நம்ம குடியிருப்புக்குள்ளயே நடக்குறாங்க. இனிமே முடியாது. அன்னிக்கு நீங்கதான் பாடுறீங்க. இப்ப ரெண்டு வரி பாடுங்க, குரூப்ல போட்டுடறேன். பவ்யா, அந்த கிட்டார எடும்மா."

அவர் மகள் பவ்யா தூசி தட்டிக் கொண்டுவந்த கிட்டாரில் நாலு கம்பிதான் இருந்தது. பாசித் அதை மடியில் வாங்கிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே நீல பிளாஸ்டிக் சுற்றிய புது கேட் சுவரில் சாய்ந்து நின்றது. கேட் வரப்போகும் இடைவெளி வழியே, தலையில் பூக்கூடையோடு ஒருத்தி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள்.

"அர்த்தம் அது இல்ல சார்," என்றான் மறுபடியும். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பவ்யா செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். மஹீரா செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்கள் இரண்டையும் சில்லென்ற தரையில் பதித்திருந்தாள். விரல்கள் மெதுவாக விரிந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை. சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"பாடுங்க," என்றாள் மஹீரா.